விரல் நீள ரப்பர்க் குழாயும் எண்பது பெட்டித் தக்காளியும்

சென்ற ஆண்டு ஆனி மாதக் கடைசியில் ஒரு மாலை, எண்பது பெட்டித் தக்காளியை ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் காந்தி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கள் புதிய பிக்கப்பின் மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. பெட்டிக்கு 14 கிலோ என்பது எங்கள் சந்தைக் கணக்கு. ஆக, 1,120 கிலோ சரக்கு பின்னால் இருந்தது. எஞ்சின் சத்தம் மாறவில்லை, புகை வரவில்லை, சூட்டு முள்ளும் ஏறவில்லை. ஆனால் அடுத்த நிமிடமே வண்டியின் இழுவை போய்விட்டது. ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தாலும் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. ரயில்வே கேட்டுக்கு முன்னால் உள்ள சிறிய ஏற்றத்தில் இரண்டாம் கியருக்கு இறங்கி, பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடிக்க, ஊர்ந்துதான் ஏற முடிந்தது. மண்டியை அடைந்தபோது கேரளத்துக்குப் போகும் வண்டிகள் பெரும்பாலும் லோடு கட்டிப் புறப்பட்டிருந்தன. முதலில் போன விலையைவிடப் பெட்டிக்கு 60 ரூபாய் குறைத்துத்தான் எங்கள் தக்காளி போனது. அந்த ஒரு மாலையில் 4,800 ரூபாய் நட்டம்.

வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்தால் வாரண்டிக்குப் பொறுப்பில்லை என்று போனில் சொல்லிவிட்டார்கள். ஆகவே மறுநாள் காலை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உள்ள சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் காரணம் சொன்னார்கள். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது; அதற்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டே இருக்கும்; அந்தச் சென்சாருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் வெடிப்பு. கழற்றிய குழாயை என் உள்ளங்கையில் வைத்தார்கள். என் நடுவிரல் நீளம்தான் இருக்கும். வெப்பத்தில் இறுகி, வளைத்தால் நொறுங்கும் பதத்துக்கு வந்திருந்தது. வெடிப்பு ஒரு நகக்கீறல் அளவு. புதுக் குழாயைச் செருகிக் கிளிப் போடப் பத்து நிமிடம் போதும். ஆனால் வண்டியின் கணினியில் பதிவாகிவிட்ட பிழையை அழித்து, பழையபடி முழு இழுவையையும் கொடுக்கச் சொல்வதற்கு அவர்களிடம் மட்டும் உள்ள மென்பொருள் வேண்டும். அதைக் கையாளத் தெரிந்த ஒருவர் விடுப்பில் இருந்ததால்தான் இரண்டு நாள் வண்டி வெயிலில் நின்றது.

எங்களிடம் இரண்டு பிக்கப் இருக்கின்றன. இரண்டின் கம்பெனிப் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. ஏனென்றால் நான் சொல்லவரும் குறை ஒரு கம்பெனியின் குறை அன்று. எந்தக் கம்பெனியின் புதிய பிக்கப்பை வைத்திருப்பவரிடம் கேட்டாலும், பெயர்களை மாற்றி இதே கதையைத்தான் சொல்கிறார்கள். வண்டி ஓடாமல் நின்றதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. இரும்பு என்றால் பழுது வரத்தான் செய்யும். பழுது என்ன என்பதை, அந்த வண்டிக்கு மாதாமாதம் தவணை கட்டுகிற நானோ, முப்பது ஆண்டுகளாக டீசல் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிற எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனோ தெரிந்துகொள்ள முடியாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இழுத்துக்கொண்டு போவதற்கு முன்பு அவரிடம்தான் காட்டினேன். பானட்டைத் தூக்கி, காதை வைத்துக் கேட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்து, டர்போ குழாயைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எஞ்சின்ல ஒண்ணுமில்ல தம்பி. என்னமோ அதுக்குள்ள இருக்கு. கம்பெனிக்காரன் கேட்டாச் சொல்லும், நம்ம கேட்டாச் சொல்லாது.”

எங்கள் பழைய பிக்கப்பை அப்பா 2001இல் வாங்கினார். டர்போ இல்லாத நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னால் இரண்டு வட்ட விளக்கு, பின்னால் இரும்புத் தகட்டுப் பாடி. அதில் மின்சாரத்துக்கு வேலை மிகக் குறைவு. செல்ஃப் மோட்டார் சுற்றவும் விளக்கு எரியவும் ஹாரன் அடிக்கவும் பேட்டரி வேண்டும். எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியதில்லை. டீசலை அளந்து, நேரம் பார்த்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்பின் வேலை. ஆக்சிலேட்டருக்கும் அந்தப் பம்புக்கும் இடையே ஒரு கம்பி. எஞ்சினை அணைக்க இழுக்கும் குமிழுக்கும் பம்புக்கும் இடையே இன்னொரு கம்பி. பேட்டரி இறங்கிவிட்டால் சரிவில் விட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வீட்டு வாசலில் இருந்து சாலை வரை சரிவு என்பதால், 2011 மழைக்காலத்தில் புது பேட்டரி வாங்கும் வரை ஒரு மாதம் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

அந்த வண்டியை நான் முழுமையாகப் புரிந்துகொண்டது 2009இல், பாச்சலூர் மலைப்பாதையில். மேலே மலைவாழைத் தார்களை ஏற்றிக்கொண்டு வடகாட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றைக் கடந்ததும் எஞ்சின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டது. அப்பா வண்டிக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் பையையும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவையும் எடுத்தார். டீசல் ஃபில்டரை ஒட்டிய இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, விரலால் சுற்றிலும் தடவினார். ஒரு போல்ட்டின் ஓரத்தில் ஈரம் இருந்தது. செப்பு வாஷர் தேய்ந்து, அந்த வழியாகக் காற்று உள்ளே இழுத்திருக்கிறது. டப்பாவிலிருந்து புது வாஷர் ஒன்றை எடுத்துப் போட்டு இறுக்கினார். பிறகு ஃபில்டர் தலையில் உள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்று தளர்த்தச் சொல்லி, கைப்பம்பை அமுக்கத் தொடங்கினார். முதலில் வெறும் காற்றுச் சத்தம். பிறகு சோப்பு நுரை போல டீசல். பத்துப் பதினைந்து முறை அமுக்கியபின் நுரை குறைந்து, குமிழ்கள் ஒவ்வொன்றாக உடைந்து, கடைசியில் குமிழே இல்லாமல் தெளிந்த டீசல் வழிந்தது. “இப்ப மூடு” என்றார். மூடினேன். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. மொத்தம் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. தார்கள் வாடாமல் ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தன. காற்று எங்கே நுழைந்தது, எப்படி வெளியேறியது என்று கண்ணால் பார்த்த பிறகு, அந்த எஞ்சினைப் பற்றி எனக்கு அச்சம் என்பது இல்லாமல் போனது.

பழையது எல்லாம் நல்லது என்று எழுதிவிட்டால் அது பொய்யாகிவிடும். எங்கள் பழைய வண்டி லோடோடு ஏற்றத்தில் போகும்போது கக்கிய கரும்புகையை நான் மறக்கவில்லை. சந்தையில் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டு, எஞ்சினை அணைக்காமலேயே சரக்கு இறக்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டே மூட்டை சுமந்த தொழிலாளர்களின் இருமல் இன்னும் காதில் இருக்கிறது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் உறுதியாக வகைப்படுத்தியது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். 4, அதாவது ‘பாரத் ஸ்டேஜ்’ என்னும் வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதியின் நான்காம் படி இருந்தது. ஐந்தாம் படியைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் நேராக பி.எஸ். 6க்கு வந்தோம். டீசலில் இருக்கலாம் என்று அனுமதித்த கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார்களுக்கான அளவைச் சொல்வதானால், கிலோமீட்டருக்கு வெளியேறலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், நுண்துகள் 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும் இறங்கின. இது சிறிய மாற்றம் அன்று. எங்கள் புதிய வண்டியின் புகைக்குழாய் வாயில் வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்தாலும் கரி ஒட்டுவதில்லை. பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது. பவர் ஸ்டீயரிங் வந்ததால், அறுபத்தெட்டு வயதில் அப்பாவும் மண்டிச் சந்துக்குள் வண்டியைத் திருப்ப முடிகிறது. இவற்றை எல்லாம் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஆனால் சுத்தமான புகைக்காக நாங்கள் கொடுக்கும் விலையில், சுத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாத பலவும் சேர்ந்துவிட்டன என்பதே என் வாதம்.

கரி வடிகட்டியையே எடுத்துக்கொள்வோம். அது எப்படி வேலை செய்கிறது என்பதை அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நானே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். வண்டியை விற்றவர்கள் ஒருவரும் சொல்லவில்லை. தேன்கூடு போன்ற பீங்கான் அறைகளில் கரி படிந்துகொண்டே வரும். ஓரளவு நிறைந்ததும், எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைச் செலவழித்துப் புகையின் வெப்பத்தை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, அந்தக் கரியை எரித்துச் சாம்பலாக்கிவிடும். இதற்கு வண்டி ஓரளவு வேகத்தில், தொடர்ந்து சில நிமிடங்களாவது ஓட வேண்டும். நெடுஞ்சாலையில் சேலத்துக்கும் கோவைக்கும் போகிற வண்டிக்கு இது தானாகவே நடந்துவிடும். எங்கள் வண்டியின் வாழ்க்கை அப்படிப்பட்டதா? தோட்டத்திலிருந்து சந்தை ஒன்பது கிலோமீட்டர். அதில் இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. சந்தை வாசலில் வரிசையில் நின்று, ஐந்தடிக்கு ஒருமுறை நகர்த்தி, ஸ்டார்ட்டிலேயே அரை மணி நேரம் காத்திருப்போம். எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடும். கரி எரியத் தொடங்கும் நேரத்தில் நாங்கள் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். வடிகட்டி நிறைய, விளக்கு எரிய, இழுவை குறைய, மறுபடி சர்வீஸ் சென்டர்.

அங்கே சொன்ன வழி என்ன தெரியுமா? வாரத்துக்கு ஒருமுறை திண்டுக்கல் சாலையில் அரை மணி நேரம் ஒரே சீரான வேகத்தில் ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள் என்றார்கள். சரக்கும் இல்லாமல் வாடகையும் இல்லாமல், வடிகட்டிக்காக ஒரு பயணம். நின்ற இடத்திலேயே கரியை எரிக்கும் வழியும் உண்டு. அப்போது எஞ்சின் தானாக வேகமெடுத்து நின்றபடி ஓடும், புகைக்குழாய் நெருப்பாகக் கொதிக்கும். எங்கள் களத்தில் எங்கு பார்த்தாலும் சோளத்தட்டையும் காய்ந்த சருகும்தான். அங்கே அந்த வேலையைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிமெண்ட் தளம் தேடிப் பெட்ரோல் பங்க் அருகில் போனால் அவர்கள் விரட்டுகிறார்கள், அதுவும் நியாயம்தான். சித்தப்பா மகன் வைத்திருக்கும் பெரிய வண்டியில் இதோடு யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். 32.5 விழுக்காடு யூரியா, மீதி சுத்திகரித்த நீர். அது தீர்ந்துபோய் வண்டியை ஒருமுறை அணைத்துவிட்டால், டேங்க் நிறைய டீசல் இருந்தாலும் எஞ்சின் மறுபடி எழும்பாது. நள்ளிரவில் தாராபுரம் சாலையில் வெங்காய லோடோடு அவன் நின்ற கதையை அவன் வாயால் கேட்க வேண்டும்.

இந்த வண்டிகளை வடிவமைப்பவர்கள் எங்களைப் போன்றவர்களை நினைத்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் நன்றாகவே நினைத்தார்கள். டாடா மொபைல் பிக்கப் 1988இல் வந்தபோதுதான், மாட்டு வண்டிக்கும் லாரிக்கும் இடையில் இன்னொரு வண்டி உண்டு என்று எங்கள் பக்கத்து விவசாயிகள் கண்டுகொண்டார்கள் என்பார் அப்பா. 2005இல் டாடா ஏஸ் வந்தது. அதன் எஞ்சினின் கதை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. இண்டிகா காரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் பாதியை எடுத்துக்கொண்டதுபோல, இரண்டே சிலிண்டரில் 702 சி.சி. எஞ்சினைச் செய்து, 16 குதிரைத் திறனில், குறுகிய சந்துக்குள் திரும்பும் ஒரு சரக்கு வண்டியை உருவாக்கினார்கள். அதற்கு நம் மக்கள் ‘குட்டி யானை’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் வேறு கம்பெனி வண்டியைக்கூடப் பலரும் அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். 2011இல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்தது. வாங்குபவர் யார், அவருக்கு எது கட்டுப்படியாகும், அவர் ஊரில் எந்தப் பட்டறை இருக்கும் என்று கேட்டுக் கேட்டுச் செய்த வண்டிகள் என்பது அந்தக் காலத்து எளிய அமைப்பைப் பார்த்தாலே தெரியும். அந்தக் கேள்வியை இன்றும் கேட்கிறார்களா என்பதில்தான் எனக்கு ஐயம்.

எஞ்சினை விட்டுவிட்டு வெளிப்புறத்தைப் பார்த்தாலும் அதே நிலைதான். பழைய வண்டியின் முன்விளக்கு உடைந்தால் எந்த ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் அதே வட்டக் கண்ணாடி கிடைக்கும். மூன்று திருகுகள், பத்து நிமிடம். புதிய வண்டியில் விளக்கு, இண்டிகேட்டர், பிளாஸ்டிக் சட்டம் எல்லாம் ஒரே வார்ப்பு. ஓரத்தில் ஒரு காது உடைந்தாலும் முழுவதையும் மாற்ற வேண்டும். தென்னை மட்டை விழுந்து எங்கள் பழைய பானட்டில் குழி விழுந்தபோது, டிங்கரிங் பட்டறையில் மரச்சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார்கள். புதியதில் முன்பக்கம் பெரும்பகுதி பிளாஸ்டிக். தட்ட முடியாது, வெடிக்கும். பாடியின் ஓரங்களில் கயிறு கட்டக் கொக்கிகள் போதவில்லை என்று பழைய வண்டியில் பக்கத்துக்கு ஆறு கொக்கி கூடுதலாக வெல்டிங் வைத்துக்கொண்டோம். புதியதில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும், கணினி கெட்டால் பொறுப்பில்லை, வாரண்டியும் போகும் என்று இத்தனை எச்சரிக்கை சொன்னதால், தார்ப்பாயை இன்னமும் சரியாக இழுத்துக் கட்ட முடியாமல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

எலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விவசாயி வீட்டில் வண்டி எங்கே நிற்கும்? எங்கள் வண்டி சின்ன வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் நிற்கிறது. எலி இல்லாத கொட்டகை இந்த ஊரில் கிடையாது. பழைய வண்டியில் எலி கடித்தால் ஹாரன் ஒயர் போகும். முறுக்கி டேப் சுற்றிவிட்டு ஓட்டுவோம். புதிய வண்டியில் எஞ்சின் மேல் படர்ந்திருக்கும் ஒயர்க் கற்றையில் தலைமுடிபோல ஒரு ஒயர் போனாலும், ஆக்சிலேட்டர் மிதித்தது எஞ்சினுக்குத் தெரியாது. ஏனென்றால் இப்போது அங்கே கம்பி இல்லை, மிதியின் அடியில் ஒரு சென்சார்தான் இருக்கிறது. ஒருமுறை அப்படிப் போனபோது, ஒயரைத் தனியாகத் தர மாட்டோம், கற்றையோடுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். மெக்கானிக் அண்ணன்தான் பொறுமையாக ஒவ்வொரு ஒயராக மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஈயம் வைத்து ஒட்டினார். மதியம் உட்கார்ந்தவர், இருட்டிய பிறகுதான் எழுந்தார்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் அன்று. பிக்கப்புக்குத் தாய்நாடு என்று சொல்லத்தக்க அமெரிக்காவில், விவசாயிகள் இதைவிட வேறு வகையில் நொந்துகொள்கிறார்கள். ஒற்றை வரிசை இருக்கையும் எட்டடி நீளப் பாடியும் கொண்ட தாழ்ந்த வண்டிதான் அங்கே முன்பு பிக்கப். இன்று அந்நாட்டுச் சாலைகளில் நிறைந்திருப்பது நான்கு கதவும் ஐந்தரை அடிப் பாடியும் உள்ள வண்டி; பாடியின் ஓரம் ஆள் மார்பு உயரத்துக்கு நிற்கிறது, பக்கவாட்டில் நின்று மூட்டையை உள்ளே வைக்க முடியாது. வண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு தளர்வான எரிபொருள் இலக்கு என்ற விதிமுறையும், 1960களிலிருந்து வெளிநாட்டுச் சிறு பிக்கப்புகள் மீது இருக்கும் 25 விழுக்காடு இறக்குமதி வரியும் அந்த வளர்ச்சிக்கு உரமிட்டன. முன்பக்க உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டிகள் மோதினால் நடந்து செல்பவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு மிகாத சாய்வான முகப்புள்ள வண்டிகளைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு அதிகம் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் கண்டறிந்தது. இதனால் அங்குள்ள சிலர், 25 ஆண்டு பழையதானால் இறக்குமதி செய்யலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, ஜப்பானின் குட்டி டிரக்குகளை வரவழைத்துக்கொள்கிறார்கள். 660 சி.சி. எஞ்சின், 3.4 மீட்டர் நீளம், 350 கிலோ சுமை. டெக்சாஸ் மாநிலமே 2024இல் அவற்றைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய ஒத்துக்கொண்டது. பெரிய வண்டிகளுக்குப் பெயர்போன மாநிலத்தில் குட்டி யானைக்கு உறவான வண்டி ஒன்றை விவசாயிகள் கேட்டு வாங்குகிறார்கள் என்று படித்தபோது, எங்கள் மனக்குறை தனிப்பட்டதன்று என்று தெம்பு வந்தது.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ‘பழுதுபார்க்கும் உரிமை’ குறித்து ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்ற நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் எனக்கு வேண்டியது, எங்கள் ஊர்ப் பட்டறையில் பயன்படும் அளவுக்கு இறங்கி வர வேண்டும். புதிய பிக்கப்புகளில் ஸ்டீயரிங்குக்கு அடியில் பதினாறு ஊசித் துளைகள் கொண்ட இணைப்பு ஒன்று இருக்கிறது. எல்லாக் கம்பெனி வண்டியிலும் அதே வடிவம்தான். வடிவம் ஒன்றாக இருந்தும், அதன் வழியாகக் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு வண்டி பதில் சொல்ல மறுக்கிறது. மெக்கானிக் அண்ணன் போன தைப் பொங்கலுக்குப் பிறகு, கடன் வாங்கி ஒரு ஸ்கேனர் வாங்கிவிட்டார். பிழையின் எண் தெரிகிறது. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது, அதை என் மகள் படித்துச் சொல்கிறாள். ஆனால் வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்லும் கட்டளையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் புதிதாக மாற்றினால் அதன் எண்ணைக் கணினிக்குப் பழக்கும் கட்டளையும் அதில் திறப்பதில்லை. புகை விதியைக் காப்பதற்காக இவற்றைப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று சொல்வார்களானால், அந்த விதிக்கு நான் தலைவணங்குகிறேன். வடிகட்டியைச் சுத்தம் செய்வது விதியைக் காக்கும் வேலைதானே, அதை ஏன் பூட்ட வேண்டும்?

இன்னொன்றும் கேட்கிறேன். எண்ணெய் அழுத்தம் போனால், சூடு ஏறினால், எஞ்சினைக் காப்பாற்ற வண்டி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும், அது சரி. ஒரு சென்சார்க் குழாய் வெடித்ததற்காக, அழுகும் சரக்கோடு நடுச்சாலையில் நிற்கிற வண்டியின் இழுவையை அந்த நொடியிலேயே பிடுங்க வேண்டியதில்லை. இன்னும் ஐம்பது கிலோமீட்டருக்குள் பழுது பார்த்துவிடு என்று எச்சரித்துவிட்டு, சந்தைக்குப் போகவிடலாம். யூரியா தீரப்போகிறது என்பதை முன்கூட்டியே எச்சரிக்கும் வண்டியால் இதையும் செய்ய முடியும். வண்டியோடு தரும் கையேட்டைத் தமிழில் தரலாம். எச்சரிக்கை விளக்குகளின் பட்டியலாக மட்டும் அல்லாமல், ஒவ்வொரு விளக்குக்கும் பின்னால் என்ன இருக்கிறது, எங்கே கைவைத்துப் பார்க்க வேண்டும் என்று படம் போட்டுத் தரலாம். அப்பா வாங்கிய வண்டியோடு வந்த புத்தகத்தில், காற்று எடுப்பது எப்படி என்று திருகின் படத்தோடு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் டீசல் கறையோடு இன்னும் எங்களிடம் இருக்கிறது.

மெக்கானிக் அண்ணனின் பட்டறையில் முன்பு எப்போதும் இரண்டு பையன்கள் வேலை பழகிக்கொண்டிருப்பார்கள். இப்போது ஒருவரும் இல்லை. கடைசியாக இருந்தவன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். புதிய வண்டிகள் அவரிடம் வருவது ஆயில் மாற்றவும், பிரேக் லைனிங் போடவும், ஸ்பிரிங் பட்டை உடைந்தால் மாற்றவும் மட்டுமே. எஞ்சினைப் பிரித்துப் பார்க்காத இடத்தில் ஒரு பையன் என்ன கற்றுக்கொள்வான்? ஒட்டன்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் இருநூறு முந்நூறு தோட்டங்களுக்கு நம்பிக்கையாக இருந்த கைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

வரும் மாசியில் பழைய வண்டிக்கு எஃப்.சி. எடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டைத் தாண்டிய சரக்கு வாகனங்களுக்குத் தகுதிச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு பெரிதாக உயர்த்திவிட்டது. அதோடு பெயிண்ட், வெல்டிங், டயர் என்று கணக்குப் போட்டால், விற்றுவிடலாமே என்று வீட்டில் சொல்கிறார்கள். புகைச் சோதனையில் தேறினால் வைத்துக்கொள்வது, தேறாவிட்டால் விட்டுவிடுவது என்று அப்பாவும் நானும் பேசி முடிவு செய்திருக்கிறோம். பம்பையும் நாசில்களையும் கழற்றித் திண்டுக்கல்லில் டீசல் பம்ப் கடையில் கொடுத்திருக்கிறோம். அதுவரை தக்காளி புதிய வண்டியில்தான் போகிறது. அப்பாவின் பிஸ்கட் டப்பாவில், செப்பு வாஷர்களோடு அந்த விரல் நீள ரப்பர்க் குழாய் இரண்டு வாங்கிப் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த முறை வெடித்தால் சாலையோரத்திலேயே மாற்றிவிடுவேன். மாற்றியபின் அந்த மஞ்சள் விளக்கை அணைக்கும் வசதி பழனியிலோ தாராபுரத்திலோ எந்தப் பட்டறையிலாவது இருக்கிறதா என்று அண்ணனும் நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.